இல்லாத போர்ட்டில் வந்த எண்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. எனக்கு நடந்தது. நண்பனின் மாமாவுக்கு நடந்ததோ, டீக்கடையில் காதில் விழுந்ததோ இல்லை. நம்பினால் நம்புங்கள். நம்பாவிட்டால் பக்கத்தைப் புரட்டுங்கள். உங்களை நம்ப வைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை.

பேய்க் கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நடுநிசி, நாய் ஊளை, வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம். இந்த நாலு சாமானை வைத்துக்கொண்டு எத்தனை காலம்தான் கடை நடத்துவார்கள்? அதைப் படித்துவிட்டுப் போர்வைக்குள் ஒடுங்குகிறவர்களைக் கண்டால் அதைவிட ஆகாது. என் கதையில் நடுநிசி கிடையாது. செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணி. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். பேய்க்கு நேரம் பார்க்கத் தெரியும் என்று யார் சொன்னது?

என் தொழில் சின்னக் கம்ப்யூட்டர்களுக்கு உயிர் கொடுப்பது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சர்க்யூட் போர்டு. திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. ஒரு இரும்புப் பெட்டிக்குள் போட்டு ஏதாவது இயந்திரத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டால் வருஷக்கணக்கில் வாயைத் திறக்காமல் வேலை பார்க்கும். மனிதர்களைவிட எவ்வளவோ மேல். பதினோரு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். அந்தப் பதினோரு வருஷத்தில் என்னைவிடக் கெட்டிக்காரன் ஒருவனையும் எந்த சைட்டிலும் நான் பார்த்ததில்லை. அன்று வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று போன இடம் ஊர்க்கோடியில் இருக்கும் கழிவுநீர் பம்ப் ஹவுஸ். ஊர்ச் சாக்கடை முழுக்க வந்து விழுகிற ஆழமான கிணறு. கிணற்றுக்கு மேலேயே ஓர் அறை. ஜன்னல் இல்லை. ஒரே ஒரு டியூப் லைட், அதுவும் அழுமூஞ்சி. அறையின் மூலையில், தரையோடு தரையாக ஒரு கனத்த இரும்பு மூடி. அதைத் தூக்கினால் சுவரில் பதித்த இரும்புப் படிகள் நேராகக் கிணற்றுக்குள் இறங்கும்.

மணி 1:50-க்கு உள்ளே போனேன். இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் சூப்பர்வைசர். வயிறு முதலில் வந்து, ஆள் பின்னால் வருகிற ரகம். வாசற்படியிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அறைக்குள் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. சோம்பேறி என்று நினைத்துக்கொண்டேன். இன்னொருவர் பம்ப் ஆப்பரேட்டர். ஐம்பது வயது இருக்கும். பேசுவதற்கு முன் யோசிப்பார், யோசித்த பிறகு இன்னொரு தடவை யோசிப்பார். மனசுக்குள் அவருக்கு 'ஆமை' என்று பெயர் வைத்தேன். வாயில் அண்ணே என்றேன்.

கீழே இரண்டாம் நம்பர் பம்பின் வாயில் துணி அடைத்துக்கொண்டிருந்தது. ஆமை இறங்கி அதை எடுக்க வேண்டும். அந்த மாதிரிக் கிணற்றில் விஷ வாயு தேங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. இன்னும் அதிகமானால் மனிதனே மரத்துப்போவான். ஆகவே நான் மாட்டப்போகும் பெட்டி 'கிணறு சுத்தம்' என்று காட்டினால்தான் இறங்கலாம் என்று மேலிடத்து உத்தரவு.

"சீக்கிரம் ஆயிடுமா தம்பி?" என்று ஆமை கேட்டார். "நாலு மணிக்குப் பொண்ணை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரணும். நான் போகலன்னா ஸ்கூல் கேட் பக்கத்துலயே நிக்கும். வேற யாரும் கிடையாது."

"அதுக்குள்ள நாலு தடவை முடிச்சிடலாம்."

"நீங்க சரின்னு சொன்னா நான் இறங்கிடுவேன். எனக்கு இதெல்லாம் தெரியாது."

தெரியாது என்பதைத்தான் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் புரிகிற மாதிரியே சொல்கிறேன். பெட்டியில் நான்கு சீரியல் போர்ட்கள். கம்பி வழியாக எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்து சேருகிற வாசல், அவ்வளவுதான். பெட்டியின் முகப்பில் 1, 2, 3, 4 என்று அச்சடித்திருக்கும். ஒன்றில் பம்ப், இரண்டில் நீர்மட்டம். இந்த இரண்டும் வேலை செய்கிற நிலையிலேயே வந்திருந்தன. மூன்றில் கிணற்றடியில் இருக்கும் வாயு சென்சார். நான்கில் இந்த அறைச் சுவரில் இருக்கும் வாயு சென்சார். இரண்டு சென்சாரும் ஒரே மாடல், இரட்டைப் பிள்ளைகள். கம்பிகளைச் செருகினேன். நான்கு போர்ட்டின் பச்சை விளக்குகளும் விநாடிக்கு ஒரு தடவை சிமிட்டின.

கம்பி செருகினால் போதாது. கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு ஃபைல் உண்டாக்க வேண்டும். டிவைஸ் ஃபைல் என்போம். ஃபைல் என்றால் உள்ளே ஏதோ எழுதியிருக்கும் என்று நினைக்காதீர்கள். அது வெறும் பெயர்ப் பலகை. அதில் இருப்பது இரண்டே எண்கள். முதல் எண் என்ன வகைக் கருவி என்று சொல்லும். சீரியல் என்றால் 4. இரண்டாவது எண் அந்த வகையில் எந்தக் கருவி என்று சொல்லும். அது 64-லிருந்து தொடங்கும். பெயர்ப் பலகையை எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம். பின்னால் வீடு இருக்கிறதா என்று மாட்டும்போது கம்ப்யூட்டர் கேட்காது. கதவைத் திறக்கப் போகும்போதுதான் 'அப்படி ஒரு கருவி இல்லை' என்று முகத்தில் அறையும்.

64-உடன் மூன்று, 67. அதற்கு 'கிணறு' என்று பெயர் வைத்தேன். 64-உடன் நான்கு, 68. அதற்கு 'அறை' என்று பெயர். இரண்டு வரி. முப்பது விநாடி. மணி 2:12.

ஆமை என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். யோசித்தார். மறுபடி யோசித்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டா? மூணாம் நம்பர் ஒயரைக் கொஞ்சம் புடுங்கிப் பாத்தா, திரையில எது நிக்குதுன்னு தெரியும் இல்ல? எது கீழ இருக்கறது, எது மேல இருக்கறதுன்னு சந்தேகம் இல்லாம..."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவும் இல்லை.

"அண்ணே, பதினோரு வருஷம். நீங்க வால்வைப் பாருங்க, நான் ஒயரைப் பாக்குறேன்."

அவர் முகம் சுருங்கிப் போய்விட்டது. இறங்கும்போது கட்டிக்கொள்கிற கயிறு வைத்த பெல்ட்டை எடுக்க நகர்ந்துவிட்டார். வாசலில் சூப்பர்வைசர், "ஆபீஸுக்கு ஒரு போன் பேசிட்டு வந்துடறேன் சார்" என்று எழுந்து போனார். போகிற போக்கில் இரும்பு மூடி இருந்த மூலையை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதை நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

மணி 2:14. இரண்டு ஃபைலையும் திறந்தேன். திரையின் இடது பாதியில் 'கிணறு'. வலது பாதியில் 'அறை'.

கிணறு: 0. 0. 0. 0.

அறை: 22.

கிணறு சுத்தம். ஆனால் அறையில் 22-ஆ? நாங்கள் மூச்சுவிடுகிற இந்த அறையிலா? மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். பழைய எண்ணெய் வாசனை, ஈரச் சுவர் வாசனை. வேறு ஒன்றும் இல்லை.

"மேல 22 காட்டுதே தம்பி?"

"புது சென்சார் அண்ணே. சூடு ஏறுற வரைக்கும் அப்படித்தான் உளறும். தானா இறங்கிப் பூஜ்யத்துக்கு வரும். வந்ததும் நீங்க இறங்கலாம்."

சொல்லி வாய் மூடவில்லை, 22 மாறியது. 21.

பாருங்கள், நான் சொன்னேன் இல்லையா என்கிற மாதிரி அவரைப் பார்த்தேன்.

20. 19. பத்து விநாடிக்கு ஒன்றாக இறங்கியது. 18. 17. ஒழுங்கான பிள்ளை மாதிரி. நான் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

2:16-க்குப் போன் அடித்தது. என் மேனேஜர். போன வருஷம் வரைக்கும் இவரும் என்னை மாதிரி சைட்டுக்குச் சைட் அலைந்த ஆள்தான். இப்போது ஏ.சி. ரூமில் உட்கார்ந்து, யார் எந்த சைட்டில் என்றுகூடப் பார்க்காமல் அரைமணிக்கு ஒரு தடவை ஆள் ஆளுக்குப் போன் போட்டு 'முடிஞ்சுதா' என்று கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிறார்.

"முடிஞ்சுதா?"

"அஞ்சு நிமிஷம் சார். சென்சார் செட்டில் ஆகுது."

"சரி, சரி." வைத்துவிட்டார்.

திரும்பித் திரையைப் பார்த்தேன். 12. 11. 10.

8.

ஒன்பதைக் காணோம்.

ஒரு வரி விடுபட்டிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. சென்சார் விநாடிக்கு ஒரு தடவை பேசும். நான்காம் போர்ட்டின் விளக்கும் விநாடிக்கு ஒரு தடவை சிமிட்டிக்கொண்டுதான் இருந்தது. திரையிலோ பத்து விநாடிக்கு ஒரு எண்தான் வந்தது. விளக்குக்கும் எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். கிணற்று வரியில் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் 'பி.பி.எம்.' என்று அளவின் பெயர் வந்தது. சென்சார் அப்படித்தான் அனுப்பும். வலது பக்கத்தில் வெறும் எண் மட்டும். மொட்டையாக.

7...

இந்த முறை இருபது விநாடி ஆயிற்று.

6...

முப்பது விநாடி.

பூஜ்யத்தை நெருங்கும்போது சென்சார் மெதுவாகத்தான் போகும். அதுதான் அதன் சுபாவம். எனக்குத் தெரியாததா? எனக்கே இப்படிப் பாடம் நடத்திக்கொண்டேன். உள்ளங்கை வேர்த்திருந்தது. அறை சூடு என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

ஆமை இடுப்பில் பெல்ட்டைக் கட்டி, கயிற்றின் மறுமுனையைச் சுவர்க் கொக்கியில் மாட்டினார். மூடியைத் தூக்குகிற இரும்புக் கம்பியைக் கையில் எடுத்தார். தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி சொன்னார்.

"மொத்தம் 22 படி. பாத்து இறங்கணும். ஒன்பதாவது படி கிடையாது."

என் காதில் அது விழுந்தது. மண்டைக்குப் போய்ச் சேர மூன்று விநாடி ஆயிற்று.

"என்னண்ணே சொன்னீங்க?"

"ஒன்பதாவது படி இல்ல தம்பி. மேல இருந்து எண்ணினா ஒன்பது. உடைஞ்சு போச்சு. எட்டுல இருந்து நேரா பத்துலதான் கால் வைக்கணும்."

திரையை மேலே நகர்த்திப் பார்த்தேன்.

22. 21. 20. ... 12. 11. 10. 8.

7. 6.

5.

4.

இது வாயு இல்லை.

யாரோ ஏறி வருகிறார்கள்.

அடியிலிருந்து. படிப்படியாக. மேலே வர வர மூச்சு வாங்கி... மெதுவாக...

மணி 2:20.

3...

"அண்ணே."

"என்ன தம்பி?"

"கீழ யாராவது இருக்காங்களா?"

"கீழயா? மூடி காலைல இருந்து மூடித்தானே கிடக்கு."

2...

நாற்பது விநாடி. விளக்கு சிமிட்டுகிறது. எண் மாறவில்லை.

1.

மணி 2:21.

டங்...

இரும்புச் சத்தம். மூலையிலிருந்து.

டங்... டங்...

மூடியின் அடியிலிருந்து.

ஆமையின் கையிலிருந்த கம்பி அப்படியே நின்றது.

"குழாய்ல காத்து அடைச்சிருக்கும்," என்றேன்.

"மூடிக்குக் கீழ குழாயே கிடையாது தம்பி."

டங்.

திரையில் புதிதாக ஒரு 1.

டங்.

இன்னொரு 1.

என்ன ஆகும் என்று நான் நினைத்தேனோ அது ஆகவில்லை. நான் ஓடுவேன், அவரும் ஓடுவார் என்று நினைத்தேன். அந்த மனிதர் ஓடவில்லை. "ஐயோ, யாரோ உள்ள மாட்டிக்கிட்டாங்க!" என்று கத்திக்கொண்டு மூடியிடம் பாய்ந்தார். ஆமை என்று நான் பெயர் வைத்த ஆள். கம்பியை மாட்டி ஒரே தூக்கு. மூடி சாய்ந்து தரையில் விழுந்தது. அறையே அதிர்ந்தது.

உள்ளே யாரும் இல்லை. இருட்டு. முதல் நாலைந்து படிகள் மட்டும் தெரிந்தன.

"யாருப்பா அது? எங்க இருக்க?" என்று குனிந்து கூப்பிட்டார். பதில் இல்லை. காலை உள்ளே விட்டார்.

"அண்ணே, வேண்டாம்!"

"நீங்கதானே சுத்தம்னு சொன்னீங்க? ஆள் விழுந்திருப்பான் தம்பி!"

நான் திரையைப் பார்த்தேன். கிணறு என்று நான் பெயர் வைத்த பக்கம் மாறிக்கொண்டிருந்தது.

0. 0. 6. 15.

மூடியைத் திறந்த பிறகு ஏறுகிறது. கிணற்றடிச் சென்சார் மூடி திறந்ததும் ஏன் ஏற வேண்டும்? மேலே இருக்கிற சென்சார்தான் ஏறும். இந்த அறையில் இருக்கிற சென்சார்தான்...

அப்போதுதான் உறைத்தது.

பெட்டியின் முகப்பில் எண்கள் ஒன்றிலிருந்து தொடங்கும். கம்ப்யூட்டருக்குள் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். முதல் போர்ட்தான் 64. இரண்டாவது 65. மூன்றாவது 66. நான்காவது 67. விரல்விட்டு எண்ணத் தெரிந்தவன் செய்யாத தப்பு. 64-உடன் இரண்டையும் மூன்றையும் கூட்டுவதற்குப் பதிலாக நான் மூன்றையும் நான்கையும் கூட்டியிருந்தேன். கிணறு என்று நான் அவருக்குக் காட்டிய பூஜ்யம் இந்த அறையின் பூஜ்யம். கிணற்றை நான் பார்க்கவே இல்லை.

அப்படியானால் 68?

68-க்குப் போர்ட்டே கிடையாது. பெயர்ப் பலகைக்குப் பின்னால் வீடே இல்லை. திறந்ததும் 'அப்படி ஒரு கருவி இல்லை' என்று வந்திருக்க வேண்டும்.

ஆனால் வந்தவை எண்கள்.

66-க்கு ஒரு ஃபைல் உண்டாக்கினேன். இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மூன்றாவது தடவை திறந்தது.

412.

மனிதனைச் சாய்க்கிற அளவு. நாற்றம்கூடத் தெரியாத அளவு.

"ஏறுங்க! அண்ணே, ஏறுங்க! விஷம்!"

அவர் நான்காவது படியில் இருந்தார். தலை மட்டும் தரைக்கு மேலே தெரிந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்கள் எங்கோ நழுவின. கைகள் படியை விட்டன.

பெல்ட் அவரைப் பிடித்தது. நான் கயிற்றைப் பிடித்தேன். எப்படி இழுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. கீழே விழுகிற உடம்பு கனக்க வேண்டும். பாதி இழுத்த பிறகு கனம் சட்டென்று குறைந்தது. சட்டைக் காலரைப் பற்றி மேலே எடுத்து, வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய், வெயிலில் போட்டேன்.

மணி 2:26.

சத்தம் கேட்டுச் சூப்பர்வைசர் ஓடி வந்தார். தண்ணீர் தெளித்தார். ஆம்புலன்ஸ் வந்தது. அதற்கு முன்பே ஆமை கண்ணைத் திறந்துவிட்டார். இனி அந்தப் பெயரை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆப்பரேட்டர் என்றே எழுதுகிறேன். ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு முதலில் மணி என்ன என்று கேட்டார். இரண்டே முக்கால் என்றேன். நிம்மதியாக மூச்சு விட்டார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, மெல்லச் சொன்னார்.

"தம்பி, கீழ இருந்து என் காலை யாரோ பிடிச்சாங்க."

"இழுத்தாங்களா?"

ரொம்ப நேரம் யோசித்தார். இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை.

"இழுத்தாங்களா, மேல தள்ளிவிட்டாங்களா... தெரியல தம்பி."

அவருடைய பெண்ணை நான்தான் போய்க் கூட்டி வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி அப்பாவிடம் ஓடினாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

தீயணைப்பு ஆட்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு கிணற்றில் இறங்கினார்கள். மூலை முடுக்கெல்லாம் தேடினார்கள். யாரும் இல்லை. மூச்சுவிடுகிற எதுவும் அங்கே இருந்திருக்க முடியாது என்றார்கள். அந்தப் பெட்டியைக் கழற்றி ஆபீசுக்குக் கொண்டு வந்து, 68-ஐ இதுவரை ஐம்பது தடவைக்கு மேல் திறந்து பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். அப்படி ஒரு கருவி இல்லை.

அன்று மாலை ஆஸ்பத்திரி வராந்தாவில் சூப்பர்வைசரைப் பிடித்து உட்கார வைத்தேன். ஏன் அறைக்குள் வரவில்லை என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார்.

"போன வருஷம் இதே மாதிரி ஒரு பெட்டி மாட்டினாங்க சார். பெட்டி சுத்தம்னு காட்டிச்சு. அப்ப வேற ஆப்பரேட்டர். இறங்கினான். உள்ள வாயு. எப்படியோ தட்டுத் தடுமாறி மேல வரைக்கும் ஏறியிருக்கான். வர்ற வழியில ஒரு படியும் பிஞ்சு போச்சு. ஆனா மூடி மூடியிருந்தது. உள்ள இருந்து அதைத் தூக்க முடியாது."

"யார் மூடினது?"

"பெட்டி மாட்ட வந்த இன்ஜினியர்தான். அறையில அவர் மட்டும்தான் இருந்தார். ஆள் ஏறிச் சாப்பிடப் போயிட்டான்னு நினைச்சு மூடினேன்னார். நாற்றம் அடிச்சுதாம். சாயங்காலம் நாங்க திறந்தப்போ முதல் படியைக் கட்டிப் பிடிச்சபடி... கை முட்டியெல்லாம் தோல் உரிஞ்சு கிடந்தது சார்."

"தட்டியிருக்கார்."

"தட்டியிருப்பான். ஆனா எனக்கு ஒரு சத்தமும் கேக்கலன்னு அந்த இன்ஜினியர் விசாரணையில எழுதிக் கொடுத்துட்டார். சென்சார் கோளாறுன்னு கேஸை மூடிட்டாங்க. உங்க கம்பெனி ஆள்தான் சார் அவர். இப்ப மேனேஜர் ஆயிட்டாராமே?"

சென்சார் கோளாறாம். என்ன கோளாறு என்று இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அவரும் ஒன்றிலிருந்து எண்ணியிருக்கிறார்.

அவர்மேல் காறித் துப்பத் தோன்றியது. ஆனால் எச்சில் என் மேல்தான் விழும். ஒரு பெல்ட்டும் ஒரு கயிறும் மட்டும் இல்லாவிட்டால் எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?

மணி 6:40. மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"முடிஞ்சுதா?" என்றார்.

எங்கே போயிருந்தேன் என்று சொன்னேன். போர்ட் எண்களை நான் மாற்றிப் போட்டதைச் சொன்னேன். இல்லாத போர்ட்டில் 22-லிருந்து எண்கள் இறங்கி வந்ததைச் சொன்னேன். ஒன்பது மட்டும் வராததைச் சொன்னேன். கடைசியில் ஒன்றில் வந்து நின்றது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி இன்னும் வாயைத் திறக்கவில்லை. மூடி என்ற சொல்லைக்கூட நான் சொல்லவில்லை.

அவர் மூச்சு வாங்குவது கேட்டது.

பிறகு, சின்னக் குரலில் கேட்டார்.

"தட்டுச்சா?"